மேயரிடம் எதைக் கேட்கலாம், அதற்குப் பணம் எங்கிருந்து வரும்?

சங்கச் செயலாளர்:

வணக்கம். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு இந்த முறை என்னைச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். நான் போகாத கூட்டத்தில் எடுத்த முடிவு, மறுக்க வழியில்லை. நாங்கள் இருப்பது 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி.

'மக்களைத் தேடி மேயர்' மாதிரி மண்டலத்துக்கே வந்து மனு வாங்கும் முகாம் நடந்தால் கொடுக்கலாம் என்று ஒரு கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கிறோம். வாட்ஸாப் குழுவில் கேட்டதும் வந்து குவிந்துவிட்டது. தெருவில் தண்ணீர் தேங்குகிறது, பாதாளச் சாக்கடை இணைப்பு வேண்டும், மெயின் ரோட்டில் சிக்னல் வேண்டும், சிற்றுந்து வேண்டும், ஏரிக்கரையில் நடைபாதை, பூங்காவில் கழிப்பறை, தெருநாய், தெருவிளக்கு, ரேஷன் கடை இடமாற்றம், சுகாதார நிலையத்தில் மாலை நேர டாக்டர், ஒரு நூலகம். இன்னும் இருக்கிறது, இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

சங்கத்தில் மூத்தவர் ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதில் பாதிக்கு மேயர் கையெழுத்துப் போட முடியாதும்மா. மீதிப் பாதிக்கு அவரிடம் காசு இருக்காது" என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து எனக்கு ஒரே குழப்பம். மேயர் கையில் உண்மையில் என்னதான் இருக்கிறது? ஒரு மாநகராட்சிக்குப் பணம் எப்படி வருகிறது, அதில் மேயரின் பங்கு என்ன? மனுவை எப்படி எழுதினால் அது ஏதாவது ஒரு மேஜையில் நிற்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டு வாசி:

மேடம், மேயர் என்றால் அங்கி, செங்கோல், சங்கிலி. வேலை நடக்க வேண்டுமென்றால் கமிஷனரைப் பாருங்கள். அவர் ஐ.ஏ.எஸ்., ஃபைல் அவரிடம்தான். மேயருக்கு மனு கொடுத்தால் ஒரு போட்டோ கிடைக்கும், அவ்வளவுதான்.

பழைய லெட்ஜர்:

சகோதரி, நான் தமிழ்நாட்டில் ஒரு மாநகராட்சியின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். சென்னை இல்லை, வேறு ஊர். ஆனாலும் சென்னையின் பட்ஜெட் புத்தகம் வெளிவந்ததும் இறக்கிப் படிக்காமல் இருக்க முடியவில்லை. வீட்டில் இதற்காக எனக்கு நல்ல பெயர் எதுவும் இல்லை.

வார்டு வாசி சொன்னது பாதி சரி. சட்டப்படி நிர்வாக அதிகாரம் ஆணையருக்குத்தான். டெண்டர், பணி நியமனம், பில் எல்லாம் அவர் பக்கம். ஆனால் பட்ஜெட், வரி விகிதம், கடன், குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் வேலைகள் எல்லாம் மாமன்றத்தின் தீர்மானம் இல்லாமல் நகராது. அந்த மன்றத்தின் தலைவர் மேயர். எந்தப் பொருள் விவாதத்துக்கு வருகிறது, எது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போகிறது என்பதில் அவர் சொல்லுக்கு எடை உண்டு. 1996இல் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள், மு.க. ஸ்டாலின் அப்படி வந்த முதல் சென்னை மேயர். 2001இலும் 2011இலும் அப்படித்தான், நடுவில் 2006இல் மட்டும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 மார்ச்சில் ஆர். பிரியா மேயரானது அப்படித்தான். நேரடியாக ஓட்டு வாங்கியவர் ஆணையரிடமும் அமைச்சரிடமும் பேசும் தோரணை வேறாக இருக்கும் என்பது என் கருத்து. இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். 'தெருவில் தண்ணீர் தேங்குகிறது' என்ற ஒரே வரிக்குள் மூன்று அலுவலகம் ஒளிந்திருக்கிறது. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. பாதாளச் சாக்கடையும் குடிநீரும் சென்னைக் குடிநீர் வாரியம். அது 1978இல் தனியாக உருவான அமைப்பு, மேயர் அதற்கு உத்தரவு போட முடியாது. வடிகால் தண்ணீர் கடைசியில் போய்ச் சேருகிற கால்வாய், ஏரி, ஆறு பெரும்பாலும் நீர்வளத் துறையிடம். மனுவில் வெறுமனே 'தேங்குகிறது' என்று எழுதினால் மூன்று பேரும் மற்ற இருவரையும் கைகாட்டுவார்கள். நீங்களே தெருவில் இறங்கிப் பாருங்கள். வட்டமான இரும்பு மூடிக்குள் இருந்து பொங்கி வருகிறதா, அது பெரும்பாலும் வாரியத்தின் மேன்ஹோல். தெரு ஓரச் சிமெண்ட் பலகைக்குக் கீழே அடைத்துக்கொண்டிருக்கிறதா, மாநகராட்சி. வடிகால் காலியாக இருந்தும் தண்ணீர் உள்ளே இறங்காமல் சாலையிலேயே நிற்கிறதா, அப்படியானால் சாலை மட்டம் தவறு. அதுவும் மாநகராட்சிதான், ஆனால் வேறு பிரிவு.

மற்றவை சுருக்கமாக. சிக்னல் போக்குவரத்துக் காவல். சிற்றுந்து வழித்தடம் போக்குவரத்துத் துறை. ரேஷன் கடை கூட்டுறவு, உணவு வழங்கல் துறை. பூங்கா, தெருவிளக்கு, நாய், கொசு, குப்பை, உட்புறச் சாலை, விளையாட்டுத் திடல், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இதெல்லாம் மாநகராட்சி. மெயின் ரோடு மாநகராட்சியா நெடுஞ்சாலைத் துறையா என்று உங்கள் உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள், சாலைக்குச் சாலை மாறும்.

சரி, பணம். இதுதான் என் துறை என்பதால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட்டில் வருவாய் வரவு 5,100 கோடி ரூபாய்க்குச் சற்று மேல். வருவாய்ச் செலவு 5,200 கோடிக்கு மேல். அதாவது சம்பளம், ஓய்வூதியம், குப்பை, பராமரிப்பு, வட்டி இதற்கே துண்டு விழுகிறது. புதிதாக ஒரு கல் எடுத்து வைக்க வேண்டும் என்றால் வேறு இடத்திலிருந்துதான் பணம் வர வேண்டும்.

வரவில் பெரிய தூண் சொத்து வரி, சுமார் 2,000 கோடி. அப்புறம் தொழில் வரி. பத்திரப் பதிவின்போது முத்திரைத் தீர்வையோடு சேர்ந்து வசூலாகும் கூடுதல் தொகையில் ஒரு பங்கு. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை எல்லா உள்ளாட்சிகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறது, அதில் ஒரு துண்டு. உங்கள் சொத்து வரிக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள், அதற்குள் நூலக வரி என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வசூலிப்பது மாநகராட்சி, அந்தப் பணம் போய்ச் சேர வேண்டியது நூலக ஆணைக்குழுவுக்கு. ஆகவே உங்கள் நூலகக் கோரிக்கைக்கு மேயர் இடம் கொடுக்கலாம், கட்டடம்கூடக் கொடுக்கலாம். நூலகரையும் புத்தகத்தையும் கொடுக்க வேண்டியது வேறு ஆள்.

நூலக வரியைத் தவிர மேலே சொன்னதெல்லாம் மாநகராட்சி ஓரளவு தன் விருப்பப்படி செலவழிக்கக்கூடிய பணம். இதைத் தவிர வருவதெல்லாம் இன்ன வேலைக்கென்று பெயர் எழுதி வரும் பணம். எங்கள் ஆபீசில் டைடு கிராண்ட் என்போம். மத்திய அரசின் வரிப் பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக் குழு, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகர்ப் பகுதிகளுக்கென்று 2021 முதல் 2026 வரை 38,196 கோடி ஒதுக்கியது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி அதில் வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் காற்றுத் தரத்துக்கு, இல்லையென்றால் குடிநீர், கழிவு மேலாண்மைக்கு. அதை எடுத்து உங்கள் பூங்காவுக்குக் கழிப்பறைக் கதவு போட முடியாது. நிர்பயா நிதி என்றால் பெண்கள் பாதுகாப்புக்கு. பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் உதவியோடு 28 மாநகராட்சிப் பள்ளிகளை மேம்படுத்தினார்கள். அந்தப் பணம் அந்தப் பள்ளிகளுக்கு மட்டும். கொசஸ்தலையாறு வடிநிலத்தின் மழைநீர் வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. உங்கள் தெரு அந்த வடிநிலத்துக்கு வெளியே இருந்தால் ஒரு மீட்டர் கூட வராது. பக்கத்துப் பகுதியில் மட்டும் பளபளவென்று வடிகால் போகிறது, நம் தெருவை மறந்துவிட்டார்கள் என்று ஜனங்கள் கோபப்படுவதற்குப் பின்னால் பல நேரம் இந்த எல்லைக்கோடுதான் இருக்கிறது.

இதில் மேயர் என்ன செய்ய முடியும் என்கிறீர்கள். இரண்டு வேலை. சொந்தப் பணத்தைப் பெருக்குவது ஒன்று. அடுத்தவர் பணத்தைத் தவணை தவறாமல் வரவைப்பது இன்னொன்று.

முதல் வேலை யாருக்கும் பிடிக்காத வேலை. சென்னையில் 1998க்குப் பிறகு சொத்து வரிப் பொதுச் சீராய்வு 2022இல்தான் நடந்தது. கால் நூற்றாண்டு! அந்த இடைவெளியில் தூய்மைப் பணியாளரின் சம்பளம், டீசல், சிமெண்ட் எதுவும் 1998இல் நிற்கவில்லை. கடைசியில் ஒரேயடியாக ஏற்றினார்கள். பழைய நகர்ப் பகுதியில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 50 சதவீதம், அதிலிருந்து படிப்படியாக ஏறி 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம். உங்களைப் போல 2011இல் சேர்ந்த பகுதிகளுக்கு 25இல் தொடங்கி 100 வரை. அதுவும் மேயருக்குத் தோன்றிச் செய்ததில்லை. சொத்து வரிக்கு அடிமட்ட விகிதம் நிர்ணயித்து, மாநிலப் பொருளாதாரம் வளர வளர வரியையும் ஏற்றினால்தான் மானியம் என்று 15ஆவது நிதிக் குழு நிபந்தனை போட்டிருந்தது. மாநில அரசு ஆணை போட்டது, மாமன்றம் தீர்மானம் போட்டது, திட்டு மட்டும் மேயருக்கு. பின்னர் 2024இல் ஆண்டுக்கு 6 சதவீதம் என்ற ஏற்றமும் வந்தது. ஆளுக்கு ஆள் திட்டினோம், நானும்தான் என் ஊரில் திட்டினேன். ஆனால் இருபது வருடம் தூங்கிவிட்டு ஒரே நாளில் இரட்டிப்பாக்குவதைவிட வருடா வருடம் சிறிது ஏற்றுவதுதான் கணக்குப் பிள்ளையின் கண்ணுக்கு யோக்கியமாகத் தெரிகிறது.

இரண்டாவது வேலைக்கு ஒரு ஆளைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஊரில் ஒரு மேயர் இருந்தார். அரிசி மண்டிக்காரர், வசூல் என்றால் என்னவென்று ரத்தத்தில் தெரிந்தவர். திங்கள்கிழமை காலையில் தன் அறைக்குப் போகும் முன் எங்கள் பிரிவுக்கு வந்து பியூன் உட்காரும் பெஞ்சில் உட்காருவார். கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த யூசி நிக்குது?" யூசி என்றால் பயன்பாட்டுச் சான்று. ஒரே பக்கப் படிவம். அனுமதித்த தொகை, வந்த தொகை, செலவான தொகை, மீதி, கீழே கையெழுத்துகள். அந்த ஒரு பக்கம் மேலே போகாவிட்டால் அடுத்த தவணை வராது. அது போவதற்குப் பொறியாளர் எம்-புக்கில், அதாவது முடிந்த வேலையின் அளவுப் புத்தகத்தில், அளவு ஏற்றியிருக்க வேண்டும், பில் முடிந்திருக்க வேண்டும், தணிக்கை ஆட்சேபணைக்குப் பதில் எழுதியிருக்க வேண்டும். எங்கே நிற்கிறது என்று நாங்கள் சொன்னதும் அங்கேயே உட்கார்ந்து அந்தப் பொறியாளருக்கு போன் போடுவார். அதட்ட மாட்டார். "தம்பி, அந்த எம்-புக்க எடுத்துக்கிட்டு வாங்க, சேந்து டீ குடிப்போம்" என்பார். டீ வருவதற்குள் எம்-புக் வந்துவிடும். அவர் காலத்தில் எங்கள் ஊருக்குத் திட்ட நிதி தடையில்லாமல் வந்ததற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை, அந்த பெஞ்சுதான். சென்னைக்கோ டெல்லிக்கோ போய் அமைச்சரைப் பார்த்து மனுக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளும் மேயர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அதுவும் வேண்டும். ஆனால் போன தவணைக்குக் கணக்குக் கொடுக்காத மேயரை எந்த அமைச்சரும் மதித்து உட்காரவைக்க மாட்டார்.

வார்டு வாசி:

சார், இவ்வளவு தெரிந்தவர் நீங்களே சொல்லுங்கள். 2016 முதல் 2022 வரை சென்னையில் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. சிறப்பு அதிகாரியை வைத்து நகரம் ஓடத்தானே செய்தது? பாண்டி பஜார் நடைபாதைகூட அப்போது வந்ததுதான்.

பழைய லெட்ஜர்:

ஓடியது, தம்பி. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் பணம் அந்தக் காலத்தில்தான் வந்தது, பாண்டி பஜார் வளாகம் 2019இல் திறந்தார்கள். அந்தத் திட்டமே தனி நிறுவனம் ஒன்றின் வழியாக நடந்தது, மாமன்றம் இருந்திருந்தாலும் அதில் பெரிய பங்கு இருந்திருக்காது. அது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பாருங்கள். தேர்தல் நடத்தாததால் உள்ளாட்சிகளுக்கு வர வேண்டிய 14ஆவது நிதிக் குழு மானியத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. தேர்ந்தெடுத்த மன்றம் இருப்பதே சில பணத்துக்கு நிபந்தனை. ஆகவே மேயர் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலே அந்த நாற்காலிக்கு ஒரு விலை உண்டு! அந்த நாற்காலிக்கு மதிப்பூதியம் 2023இல் மாதம் 30,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன், 5,000 கோடி பட்ஜெட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறவருக்கு.

தேம்ஸ் ஓரம்:

லெட்ஜர் ஐயாவின் பதிலைப் படித்துவிட்டு லண்டனோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், இங்கே இருபது வருடமாக இருக்கிறேன். இங்கே பேருந்து, சுரங்க ரயில், பெரிய சாலைகள் எல்லாம் மேயரின் கீழ். அப்போதைய மேயர் கென் லிவிங்ஸ்டன் 2003 பிப்ரவரியில் நகர மையத்துக்குள் கார் நுழைந்தால் ஒரு நாளைக்கு 5 பவுண்டு என்று கட்டணம் போட்டார். பத்திரிகைகள் கிழித்தன. ஆனால் அந்த வருவாயைப் பத்து வருடத்துக்குப் போக்குவரத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று சட்டத்திலேயே இருந்ததால் 'எங்கள் காசு எங்கே போனது' என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. அடுத்த வருடத் தேர்தலிலும் ஜெயித்தார். எலிசபெத் லைன் ரயிலுக்கு 2010 முதல் பெரிய வணிகக் கட்டடங்களின் வரியில் ஒரு கூடுதல் வசூல் வைத்தார்கள்.

இவ்வளவு இருந்தும் 2020இல் கொரோனாவில் டிக்கெட் வருமானம் படுத்ததும் மேயர் சாதிக் கான் மத்திய அரசிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று. மே மாதம் 160 கோடி பவுண்டு ஏற்பாடு ஒன்று கிடைத்தது, கட்டண உயர்வு உட்பட ஏகப்பட்ட நிபந்தனையோடு. பெயர் எழுதி வரும் பணம் இங்கேயும் உண்டு, ஐயா.

பழைய லெட்ஜர்:

அருமையாகச் சொன்னீர்கள். பெயர் எழுதுவது நாமாக இருந்தால் அது நல்ல விஷயம். வேறொருவர் எழுதினால்தான் இடிக்கிறது. கொலம்பியாவின் பொகோட்டாவில் அந்தானாஸ் மோக்கஸ் என்ற மேயர், விருப்பம் உள்ளவர்கள் வரியைவிட 10 சதவீதம் கூடுதலாகக் கட்டுங்கள் என்று கேட்டார். 2002இல் சுமார் 63,000 குடும்பம் கட்டியது. நம் ஊரில் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

கடன் பத்திரமும் ஒரு வழி. அகமதாபாத் மாநகராட்சி 1998இல் மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமலேயே 100 கோடிக்குப் பத்திரம் வெளியிட்டது, இந்தியாவில் அது முன்னோடி. சென்னை 2025இல் 200 கோடி திரட்டியது. இந்த மாதிரிப் பத்திரம் வெளியிட்டால் நூறு கோடிக்கு 13 கோடி வீதம் மத்திய அரசு ஊக்கத்தொகை கொடுக்கிறது. பத்திரத்தில் எனக்குப் பிடித்தது வேறு: கணக்குகளைத் தணிக்கை முடித்து வெளியார் கண்ணுக்குக் காட்டியாக வேண்டும், தரமதிப்பீட்டு நிறுவனம் உட்கார்ந்து குடையும். எங்கள் பிரிவுக்கு அப்படி ஒரு ஆள் வந்திருந்தால் நாங்கள் பாதிப் பேர் லீவு போட்டிருப்போம். ஆனால் கடன் கடன்தான், அதை அடைக்கப் போவது மறுபடியும் உங்கள் சொத்து வரி.

கவுன்சிலர் ஆபீஸ்:

நான் சென்னையில் ஒரு கவுன்சிலரிடம் உதவியாளராக இருக்கிறேன், எந்த வார்டு என்று கேட்காதீர்கள். அக்கா, பெரிய பணத்தைப் பற்றி ஐயா சொல்லிவிட்டார், நான் சின்னப் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

2025-26இல் ஒரு வார்டுக்கு மாமன்ற உறுப்பினர் மேம்பாட்டு நிதி 60 லட்சம். 200 வார்டுக்குக் கணக்குப் போட்டால் 120 கோடி. மேயரின் தனி நிதி 4 கோடி. அதை வார்டுகளுக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 2 லட்சம்தான் வரும். அதனால் பூங்காக் கழிப்பறை, இரண்டு தெருவிளக்குக் கம்பம், அங்கன்வாடிக்கு ஓடு மாற்றுவது, இந்த மாதிரி வேலையை மேயரிடம் கொண்டுபோகாதீர்கள். அது கீழே வந்து கடைசியில் எங்கள் மேஜைக்குத்தான் வரும், நடுவில் மாதக்கணக்கில் சுற்றிவிட்டு.

மேயரிடம் கொண்டுபோக வேண்டியது ஒரு வார்டின் நிதிக்குள் அடங்காத வேலையை. இரண்டு மூன்று வார்டைத் தொட்டுப் போகும் வடிகால், சுகாதார நிலையத்துக்கு ஆள், பெரிய விளையாட்டுத் திடல். அப்புறம் நேரம். பட்ஜெட் மார்ச்சை ஒட்டி வரும். அதற்குச் சில மாதம் முன்பே துறைகளிடம் கேட்டு வாங்க ஆரம்பித்துவிடுவார்கள். மழை பெய்து தெரு முங்கிக் கிடக்கும்போதே படமெடுத்து, அதே மாதம் மனுக் கொடுத்தால் அந்தப் பட்டியலில் ஏற வாய்ப்பு. ஏப்ரலில் கொடுத்தால் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்பதுதான் நியாயமான பதிலாக இருக்கும்.

வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டம் ஒன்று இருக்கிறது, வருடத்துக்கு நான்கு முறை: ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. அதில் பேசியதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். பேசிவிட்டுப் போனால் காற்றோடு போய்விடும். தீர்மானமாக இருந்தால் எங்கள் கவுன்சிலர் நேரமில்லா நேரத்தில் எழுந்து பேசும்போது கையில் ஒரு காகிதம் இருக்கும். மேயரும் "மக்கள் கேட்டிருக்கிறார்கள்" என்று சொல்லி அதிகாரியைப் பார்க்க முடியும்.

சங்கச் செயலாளர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவே பட்டியலை வைத்து உட்கார்ந்தேன். சிக்னல், சிற்றுந்து, ரேஷன் கடை மூன்றையும் தனித்தனி மனுவாக அந்தந்தத் துறைக்குப் பிரித்துவிட்டேன். நாய், தெருவிளக்கு இரண்டுக்கும் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்வதாக முடிவு. பூங்காக் கழிப்பறை கவுன்சிலருக்கு. மேயருக்கு இரண்டு மட்டும் வைத்திருக்கிறேன்: மாலை நேர டாக்டர், வடிகால். குழுவில் சிலருக்கு வருத்தம்தான், "என் கோரிக்கையை ஏன் எடுத்தீர்கள்" என்று.

வடிகால் பற்றி ஒரு சந்தேகம். சிமெண்ட் பலகையைத் தூக்கிப் பார்த்தோம். எங்கள் தெரு வடிகால் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தெருக்கோடியில் காலி மனை ஒன்றின் முன்னால் அப்படியே முடிந்துவிடுகிறது, அடுத்த வார்டின் வடிகால் அதற்கு அப்பால் தொடங்குகிறது. நடுவில் இணைப்பே இல்லை. ஏரிக்கரை நடைபாதைக்கு 'நமக்கு நாமே' திட்டத்தில் சங்கமே பங்கு போடலாம் என்று ஒருவர் சொல்கிறார். இந்த வடிகாலுக்கும் அப்படிச் செய்யலாமா?

பழைய லெட்ஜர்:

பலகையைத் தூக்கிப் பார்த்தீர்கள் பாருங்கள், பாதி வேலை முடிந்தது. முதலில் நமக்கு நாமே. அதில் மக்கள் பங்கு மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, நீர்நிலைப் பராமரிப்புக்குப் பாதி என்று விதி. நடைபாதைக்கு முயற்சி செய்யலாம். ஆனால் ஏரி யாருடையது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நீர்வளத் துறையின் ஏரி என்றால் அவர்கள் தடையின்மைச் சான்று கொடுக்காமல் ஒரு செங்கல் வைக்க முடியாது, வசூலித்த பணம் சங்கத்தின் கணக்கில் தூங்கும், அதுவே அடுத்த பொதுக்குழுவில் சண்டையாகும்.

வடிகாலுக்கு நீங்கள் பங்கு போடாதீர்கள். விட்டுப்போன இணைப்பு என்பது மாநகராட்சியே செய்து முடிக்க வேண்டிய வேலை, அதற்கு மக்களிடம் கை நீட்டுவது முறையில்லை. இரண்டு வார்டு எல்லையில் விழுவதால் எந்தக் கவுன்சிலரும் தன் நிதியைத் தொடத் தயங்குவார். ஆகவே மேயரிடம் போக வேண்டிய வேலை இதுதான். மனுவை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். தெருவின் பெயர், இரண்டு வார்டு எண், வடிகால் முடியும் இடம், மறுபடி தொடங்கும் இடம், நடுவில் எத்தனை மீட்டர் என்று டேப் பிடித்து அளந்த கணக்கு, மழையின்போது எடுத்த ஒரு படம், வறண்ட நாளில் அதே இடத்தில் எடுத்த இன்னொரு படம். 'ஆவன செய்யுமாறு' என்று முடிக்காமல், 'மதிப்பீடு தயாரிக்க உத்தரவிட வேண்டும்' என்று முடியுங்கள். மதிப்பீடு இல்லாத வேலைக்கு எந்த நிதியிலும் பணம் கேட்க முடியாது. இரண்டு கவுன்சிலர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நல்லது, வேறு வேறு கட்சியாக இருந்தால் இன்னும் நல்லது.

அந்தக் காலி மனை தனியாருடையதா, வடிகால் அதற்குள் போக வேண்டியிருக்குமா என்பதையும் இப்போதே பாருங்கள். நில விவகாரம் இருந்தால் பணம் வந்தாலும் வேலை நிற்கும்.

சங்கச் செயலாளர்:

மனைக்குள் போகத் தேவையில்லை ஐயா, சாலை ஓரத்திலேயே இடம் இருக்கிறது. அளந்ததில் 84 மீட்டர் வந்தது. ஒரு கவுன்சிலர் கையெழுத்துப் போட்டுவிட்டார், இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

பழைய லெட்ஜர்:

84 மீட்டர் பெரிய வேலையே இல்லை. மனுவைக் கொடுத்ததும் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். உதவிப் பொறியாளர் மதிப்பீடு போட்ட பிறகு அந்தத் தொகையை இங்கே எழுதுங்கள், எந்தத் தலைப்பில் கேட்கலாம் என்று பட்ஜெட் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.